கழட்டி மாட்டு தம்பி

ஒரத்தநாட்டுப் பக்கம் இப்போது தெருவுக்கு ஒரு அண்ணன் இப்படி இருக்கிறார். சென்னையில் வேலை, ஊரில் வயல், வயலின் மோட்டார் கொட்டகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ராஸ்பெரி பை. போர் ஓடுகிறதா, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டே இருக்கும். வைஃபை இருந்தால்.

அந்த வைஃபையைச் சாகவிடாமல் வைத்திருப்பதுதான் அண்ணனின் லட்சியம். வேலை எங்களுடையது. “தம்பி, கொட்டகைப் பக்கம் போறியா?” என்று போன் வரும். இல்லண்ணே, பட்டுக்கோட்டை பஸ்ஸுக்கு நிக்கிறேன் என்றால், “போற வழிதானடா.” சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, தஞ்சாவூரில் ஜவுளி எடுக்கப் போனாலும் சரி, எல்லாமே அவருக்குக் கொட்டகை வழிதான். போய், வயரைக் கழட்டி, பத்து எண்ணி, திரும்ப மாட்ட வேண்டும். “பத்து எண்ணினியா? வேகமா எண்ணியிருப்ப.” பால்காரர் கழட்டி மாட்டியிருக்கிறார். நடவுக்கு வந்த அக்கா, சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மாட்டியிருக்கிறார். ஃபியூஸ் போட வந்த வயர்மேனைக்கூட விடவில்லை.

காரணம் மட்டும் எப்போதும் கைவசம் இருக்கும், அதுவும் பொய்யாக இருக்காது. வேலையில்லாத நேரத்தில் கரண்டை மிச்சம் பிடிக்க வைஃபை சிப் கண்ணயர்ந்துவிடுமாம். தூங்காதே என்று கட்டளை போட்டார். ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் 4.63-க்குக் கீழே இறங்கினால் திரையில் மஞ்சள் மின்னல் காட்டுமாம். கொட்டகையில் திரையே கிடையாது. பழைய செல்போன் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கினார். கடைசியாக ஒரு புரோகிராம்: ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வீட்டு ரூட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கும், பதில் இல்லையென்றால் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். ஒருநாள் ராத்திரி வீட்டில் கரண்ட் போய் ரூட்டர் அணைந்துவிட்டது. கொட்டகையில் பேட்டரி இருந்தது. விடிய விடிய செத்துச் செத்துப் பிழைத்ததில் மெமரி கார்டு போய்விட்டது.

நடுவில் வாழைமேல் பாய்ந்தார். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈர இலை உறிஞ்சிவிடுமாம், கொல்லை வாழையைக் கழிக்கச் சொன்னார். “மொதல்ல ஒம் பொட்டியக் கழி” என்றார் பெரியம்மா.

2018 நவம்பர் 16, விடிவதற்குள் கஜா புயல் எங்கள் தென்னையை முழுக்கச் சாய்த்துவிட்டுப் போனது. பல நாள் கழித்துக் கரண்ட் வந்தது. அன்றைக்கு அண்ணன் போனில், “இப்பத்தான் சிக்னல் தெளிவா வருது” என்றார். பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பிள்ளை மாதிரி வளர்த்த மரம். கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கு வாயை மூடத் தெரியாதா?

பக்கத்து வயல்காரர் மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார். சிம் கார்டு போட்டது, போன் அடித்தால் மோட்டார் ஓடும். அதைச் சொன்னால், “அதுல கிராஃப் வராதுடா” என்பார். இவர் கிராஃபில் பாதி நாள் கோடே இல்லை. அதையும் பொங்கலுக்கு வந்தால் பெரியப்பாவிடம் காட்டத்தான் செய்கிறார். அவரும் கண்ணாடி போட்டுப் பார்க்கத்தான் செய்கிறார்.

பொங்கல் நாட்களில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, கொசுக்கடியில் கொட்டகையிலேயே கிடப்பார். அவர் இருக்கும்வரை வைஃபை ஒருதரம்கூட அறுவதில்லை.

“பாத்தியா? நீங்க யாரும் ஒழுங்கா மாட்டுறதில்ல.”