தானம் வந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பல்லப் பாரு

வாடா சாமி, வா. அப்புச்சி மேல பாசம் பொங்கி ராத்திரி பஸ் ஏறி வந்திருக்கறயே, மஞ்ச வித்த சேதி மெட்ராஸ் வரைக்கும் எட்டிப்போச்சா? சரி, லிஸ்ட்டக் குடு. அந்தக் கண்ணாடிய எடு.

கேமிங் கம்ப்யூட்டராம். ஆறு ஃபேனு, ஆறும் கலர் கலரா எரியுமாம். ரேமுல வெளக்கு. கேபினெட்டுக்குக் கண்ணாடிக் கதவு, எரியறது ஊருக்குத் தெரியோணுமுல்ல. நீ வெளையாடப் போறியா, மாரியாத்தா நோம்பிக்குச் சீரியல் செட்டுக் கட்டப் போறியா?

ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, சரி. ரைசன் 5 7600, அதுவுஞ் சரி. கடைசி வரியில இதென்ன? 500 வாட் எஸ்எம்பிஎஸ், அதான் எல்லாத்துக்கும் கரண்டு குடுக்கற டப்பா, கேபினெட்டோட ஃப்ரீ. தானம் வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதன்னு சொன்னவன் கம்ப்யூட்டர் கட்டாதவன். நீ பாரு. பல்லு எங்கிருக்குதுன்னா, டப்பா விலாவுல ஒட்டியிருக்கற லேபிளு. மோட்டாருக்குத் தகடு மாதிரி. அதுல 12 வோல்ட்டுன்னு ஒரு கட்டம், அங்க எத்தன ஆம்பியருன்னு இருக்கும். கார்டும் பிராசசரும் அந்த ஒரே வாய்க்கால்லதான் தண்ணி குடிக்குது. 18 ஆம்பியருன்னு போட்டிருந்தா ரெண்டையும் பெருக்கு. 216 வாட்டு. அட்டைப்பொட்டியில 500! கார்டுக்கு 115, பிராசசர் முழு மூச்சுல ஓடுனா 88. ஆச்சு 203. மிச்சம் 13 வாட்டுல உன்ற ஆறு ஃபேனும் நோம்பி கொண்டாடோணும்.

அஞ்சு ஹெச்பின்னு சொல்லி மூணு ஹெச்பி மோட்டாரத் தலையில கட்டுனவனயெல்லாம் நான் பாத்திருக்கறேன். அது போனப்ப தனியாப் போச்சு. மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸு போறப்ப பக்கத்துல இருக்கறவனையும் கூட்டிட்டுப் போயிரும்.

அந்தக் கார்டுக்கு என்விடியாக்காரனே 550 வாட்டு வையின்னு எழுதியிருக்கறான். கோல்டு ஸ்டிக்கரப் பாத்து மயங்காத. 80 பிளஸ்ஸுங்கறது செவுத்துல இழுக்கற கரண்டுல எத்தன உள்ள போய்ச் சேருது, எத்தன சூடாப் போகுதுங்கற கணக்குத்தான். மாடு எத்தன படி கறக்குதுன்னு சொன்னானே ஒழிய, எத்தன வருசம் நிக்கும்னு சொன்னானா? அதுக்கு வாரண்டியப் பாரு. ஏழு வருசம், பத்து வருசம்னு எழுதிக் குடுக்கறவனும் இருக்கறான், ஒரு வருசத்துல கையக் கழுவறவனும் இருக்கறான். தன்ற பண்டத்தப் பத்தி அவனவனுக்குத் தெரியாதா?

உள்ளாற கெபாசிட்டர் 105 டிகிரிக்கானதான்னும் கேளு. 85 டிகிரிக்காரன் நம்ம சித்திரை வெயிலுக்குச் சீக்கிரம் உப்பிப்போவான். 2000த்த ஒட்டுன வருசங்கள்ல எலக்ட்ரோலைட் சரியில்லாத கெபாசிட்டருக உப்பி ஒழுகி, எத்தனையோ மதர்போர்டுக செத்துச்சு. பெரிய பேருக்காரனும் தப்பல. 2024லயும் பாரு, இன்டெல்லு 13, 14ஆம் தலைமுறை சிப்பு வோல்டேஜ் ஏறித் தடுமாறி, வாரண்டிய ரெண்டு வருசம் நீட்டிக் குடுத்தானுல்ல.

என்னது, ரிச்சி ஸ்ட்ரீட்டுல பழைய கார்டு சல்லிசா வருதா? 2022 செப்டம்பர்ல ஈத்திரியம் மைனிங் நின்னதும் சந்தைக்கு வந்ததுல எத்தனையோ கார்டு ராப்பகலாச் செக்கிழுத்த மாடு. கொம்புக்குப் பெயிண்ட்டு அடிச்சா உனக்குக் கன்னுக்குட்டியாத்தான் தெரியும்.

நாலு ஃபேனக் கழட்டு. ரேமுக்கு வெளக்கு வேண்டாம், அது இருட்டுலயும் வேலை செய்யும். அந்தக் காச எஸ்எம்பிஎஸ்ஸுல போடு. கடையில நின்னு லேபிளப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. 12 வோல்ட்டுக் கட்டத்துல 45 ஆம்பியருக்குக் கிட்ட இருந்தா மஞ்சக் காசு வரும். 18ன்னு இருந்தா போனே எடுக்கமாட்டேன்.

லீவுக்கு அதத் தூக்கிட்டு இங்க வருவ, தெரியும். மோட்டார் ரூம் பக்கத்துல எர்த் குழி காஞ்சு கெடக்குது. உப்பும் கரியும் நான் போட்டு வெக்கறேன். போறப்ப ரெண்டு கொடம் தண்ணி ஊத்திட்டுப் போ.