எவ்வளவு குடுத்தாங்க?

மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மனிதனுக்கு ஞானம் பிறந்துவிடுகிறது. கீழே கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் மல்லுக்கட்டியவர், மேலே மாஞ்சோலையில் பனிமூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில், "கோடி ரூபாய் கொடுத்தாலும் இந்த நிம்மதி கிடைக்குமா?" என்று படம் போட்டுவிடுவார். சிக்னல் வந்தும் வராமலும் இருக்கிற மலை என்பதால், ஞானம் அங்கே உதித்தாலும் ஊருக்குத் தெரிவது இறங்கி வந்த பிறகுதான். அதற்குள் வண்டிக்காரரோடு வாடகைத் தகராறும் முடிந்திருக்கும். அதையும் போடுவார்: "டூரிஸ்ட் என்றால் கொள்ளையடிக்கிறார்கள், உஷார் மக்களே." வைராக்கியத்துக்கும் வாடகைக்கும் இடையே ஒரு மலை இறக்கம்தான் தூரம்.

என் அத்தை அதே மலையில் நாலுமுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். வேலை ஓய்ந்து இப்போது விக்கிரமசிங்கபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். பேரன் போனில் இந்த மாதிரிப் படங்களைக் காட்டினால் பனியையும் பச்சையையும் விட்டுவிடுவாள். மூலையில் மங்கலாகத் தெரிகிற தொழிலாளர் லைன் வீட்டைத்தான் முதலில் பார்ப்பாள். எந்த லைன், யார் குடியிருந்த வீடு என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. கோடி ரூபாய் வரியை நான் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன்.

"இவனுக்கு யாருல கோடி ரூவா தாரேன்னு சொன்னா?" என்றாள்.

யாரும் சொல்லவில்லைதான். ஆனால் யாருமே தருவதாகச் சொல்லாத பணத்தை வேண்டாம் என்று தள்ளிவிடுகிற பெருந்தன்மை நம் மக்களுக்கு வாட்ஸ்அப் வந்த பிறகு மிகவும் பெருகியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சி காலை ஆறு மணிக்கு, "பணம் வெறும் காகிதம், பாசமே நிரந்தரம்" என்று சூரிய உதயத்தோடு ஸ்டேட்டஸ் வைப்பார். பத்து மணிக்கு அன்றைய பவுன் விலை வைப்பார். அதற்குக் கீழே, "அன்னைக்கே வாங்கச் சொன்னேன், வீட்ல கேக்கல." அதே வீட்டில் இருக்கிற மதினியும் அதைப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பாசமே நிரந்தரம் என்பது பத்து மணி வரைக்கும்தான் செல்லும்.

கார் வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாவி வாங்குகிற படத்துக்குக் கீழே "எல்லாம் இறைவன் அருள்" என்று எழுதுவார்கள். மாதாமாதம் தவணையை இறைவன் கட்டப்போவதில்லை. கடன் கொடுத்த வங்கிக்கு நன்றி என்று ஒருத்தராவது போட்டு நான் பார்த்ததில்லை. தவணை தவறியதைப் போட்டும் பார்த்ததில்லை. பணம் வருவது தெய்வச் செயல், போவது குடும்ப ரகசியம்.

2021 ஜனவரியில் மதுரைப் பக்கம் ஒரு வீட்டார் கல்யாணப் பத்திரிகையில் கூகுள் பே, போன்பே கியூஆர் கோடு அச்சடித்துவிட்டார்கள். தேசமே அதைப் பகிர்ந்து சிரித்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் வீட்டு பீரோவில் சேலைக்கு அடியில் மொய் நோட்டு இருக்கிறது. யார் எந்த வருஷம் என்ன செய்தார்கள் என்று அதில் வரி வரியாக உண்டு. கல்யாணத்துக்குக் கிளம்புமுன் அதைப் புரட்டிப் பார்க்காமல் ஒருவரும் கவரில் பணம் வைப்பதில்லை. மதுரைக்காரர் செய்த தப்பு, பீரோவுக்குள் இருக்க வேண்டிய விஷயத்தைப் பத்திரிகையில் போட்டதுதான்.

பணத்தைப் பற்றி நம்மவர்கள் எதையும் நம்புவார்கள் என்பதற்கு 2016 நவம்பரை மிஞ்சிய சாட்சி கிடையாது. புது 2000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடித்துவிடும் என்று ஒரு செய்தி சுற்றியது. பவுன் விலை அண்ணாச்சி அதை எனக்கு மூன்று தடவை அனுப்பினார். "புதைக்கிற அளவுக்கு உம்மகிட்ட இருக்காவே?" என்று கேட்டேன். "நம்மகிட்ட இல்லவே, இருக்கிறவனுக்குச் சொல்லி வைப்போம்" என்றார். இல்லாத சிப்பை வைத்து இருக்கிறவனைப் பயமுறுத்துவதில் அவருக்கு ஒரு நிம்மதி. 2023 மே மாதம் அந்த நோட்டையே ரிசர்வ் வங்கி திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. அதற்கு அவர் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை.

இதெல்லாம் தமாஷ். 2024 ஜூனில் நடந்ததுதான் விசேஷம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஐந்து இடத்துத் தொழிலாளர்களிடமும் தோட்டக் கம்பெனி விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து கேட்டது. பணத்தில் ஒரு பகுதி முதலில், மிச்சம் வீட்டைக் காலி செய்தபின் என்பது ஏற்பாடு. நாலு தலைமுறையாக மேலே இருந்தவர்கள் ஆகஸ்ட்டுக்குள் இறங்க வேண்டும் என்றார்கள். டிவியில் செய்தி வந்தது. அதைப் பகிர்ந்த பதிவுகளுக்குக் கீழே நம் மக்கள் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடுத்தாங்க?"

கேட்டவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். காலையில் இரண்டு லட்சமாக இருந்தது மத்தியானம் ஐந்தாகி, ராத்திரி சாப்பாட்டுக்குள் பத்தைத் தொட்டது. நாலு தலைமுறைக்கு அந்தப் பத்தே அதிகம் என்று ஒருவர் தீர்ப்பு எழுதினார். ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடுங்கள், குடித்துத் தீர்த்துவிடாதீர்கள் என்று இன்னொருவர். மியூச்சுவல் ஃபண்டுதான் லாபம் என்று மூன்றாமவர். பாளையங்கோட்டைப் பக்கம் பிளாட் இருக்கிறது, விவரத்துக்கு இன்பாக்ஸ் வாங்க என்று நாலாமவர். நான் பார்த்த வரையில், அந்த மொத்தக் கூட்டத்திலும் பணத்தைப் பற்றி உண்மையாகப் பேசியவர் இந்த பிளாட்காரர் ஒருவர்தான். அவருக்கு என்ன வேண்டும் என்பதை ஒளிக்கவில்லை.

தன் சம்பளத்தைப் பெண்டாட்டியிடம்கூடச் சரியாகச் சொல்லாத மனிதர், மலையில் கொழுந்து பறித்த கிழவியின் கணக்கைப் பைசா சுத்தமாகத் தணிக்கை செய்கிறார். தன் பணத்துக்கு வேதாந்தம், அடுத்தவன் பணத்துக்குக் கணக்குப்பிள்ளை. அதிலும் கீழே இருக்கிற அடுத்தவன் பணம்தான் கண்ணை உறுத்துகிறது. மேலே பார்த்துக் கேட்கக் கழுத்து வளையாது.

வளைந்திருந்தால் கேட்க எவ்வளவோ இருந்தது. இந்தத் தோட்டத்தை நடத்திய பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1863-இல் தொடங்கியது. பர்மாவில் தேக்கு வெட்டி, வெட்டிய மரத்துக்குச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை என்று அந்த நாட்டு ராஜா திபா பெரிய அபராதம் போட்டார். வெள்ளைக்காரன் அதையே சாக்காக வைத்து 1885-இல் படையெடுத்தான். ராஜாவை ரத்னகிரிக்கு நாடு கடத்தினார்கள். ஒரு கம்பெனியிடம் "எவ்வளவு?" என்று கேட்டதற்கு ராஜ்யமே போனது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து அதே கம்பெனி எண்ணாயிரத்துச் சொச்சம் ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு வாங்கியது. ஜமீன் வாரிசு சென்னையில் ஒரு கொலை வழக்கில் மாட்டிக்கொண்டார், வக்கீல் செலவுக் கடனை அடைக்கத்தான் காட்டை எழுதிக் கொடுத்தார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இப்போது கம்பெனி வாடியா குழுமத்தின் கையில். பிரிட்டானியாவும் அதே குழுமம்தான். டீக்கும் அவர்கள், தொட்டுக்கொள்ள பிஸ்கட்டுக்கும் அவர்கள். ஏக்கருக்கு என்ன குத்தகை, வருஷத்துக்கு என்ன லாபம் என்று அந்தக் கமெண்டுகளில் ஒருவரும் கேட்கவில்லை. ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடுங்கள் என்று வாடியாவுக்கு ஒருவரும் யோசனை சொல்லவில்லை.

வருஷாவருஷம் ஜூலை 23 அன்று தாமிரபரணிப் படங்கள் வரும். 1999-இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலம் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். மெழுகுவர்த்தி, கண்ணீர், கூப்பிய கை எல்லாம் பதிவில் இருக்கும். அந்த ஊர்வலத்தின் கோரிக்கைகளில் நாள் கூலி உயர்வும் ஒன்று என்பது என் கண்ணில் பட்ட பதிவுகளில் அபூர்வம். பணம் கேட்டுச் செத்தார்கள் என்று எழுத நமக்குக் கூச்சமாக இருக்கிறது போலும்.

அத்தைக்கு இந்தக் கூச்சமே பிடிபடுவதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒளிவு மறைவு ஏது? சாக்கைத் தராசில் மாட்டுவார்கள். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சக் கிலோவைச் சத்தமாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை பெய்கிற இடங்களில் ஊத்தும் நாலுமுக்கும் சேர்த்தி. அங்கே ஈரத்துக்குக் கழிக்காத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் யார் எத்தனை கிலோ, யாருக்கு என்ன வரும் என்று தெரியும். சம்பள நாளில் கடைப் பாக்கி யாருக்கு எவ்வளவு என்பதும் தெரியும். "ஒளிச்சு வச்சு என்னல செய்ய? எல்லாருக்கும் ஒரே தராசுதான்" என்பாள்.

மாஞ்சோலைக்குப் போகிறவர்கள் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு தாராளமாகப் போய் வாருங்கள். படமும் எடுங்கள். லைன் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்று எடுக்கும்போது, உள்ளே இன்னும் ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள். இறங்கிவந்து "எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டே ஆக வேண்டுமென்றால், முதல் வரியில் உங்கள் சம்பளம், இரண்டாவது வரியில் கட்ட வேண்டிய கடன், மூன்றாவது வரியில் கேள்வி என்ற வரிசையில் எழுதி எனக்கு அனுப்புங்கள். வாசித்துக் காட்டுகிறேன். அத்தை பதில் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறாள்.