எல்லாப் பக்கமும் கண்

2016-இல் டிஜேஐ நிறுவனத்தின் பேன்டம் 4 ட்ரோன், முன்பக்கம் தடையைப் பார்க்கும் இரண்டு கேமராக் கண்ணோடு வந்து இறங்கியது. 2023-இல் வந்த மினி 4 ப்ரோவுக்கோ 250 கிராமுக்குள் அடங்கிய உடம்பில் எல்லாத் திசையிலும் கண். சுவரைக் கண்டால் நிற்கும், புளியமரத்தைக் கண்டால் ஒதுங்கும். புதிதாகப் பறக்கவிடுபவரின் பணத்தை அது காப்பாற்றுகிறது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அந்தக் கண்கள் இரண்டு படங்களை ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்குப் போடுபவை. ஒப்பிட ஏதாவது கோடு, புள்ளி, சொரசொரப்பு வேண்டும், வெளிச்சமும் வேண்டும். மொட்டை வெள்ளைச் சுவர், கண்ணாடி, இருட்டு என்றால் கணக்கு தப்பும். மெல்லிய கம்பி பெரும்பாலும் கண்ணில் படாது. வீடியோவுக்காக ட்ரோன் பறக்கும் நம் கல்யாண மண்டப வாசலில் இருப்பதோ மின்கம்பி, கேபிள் டிவி ஒயர், சீரியல் பல்புச் சரம். மாப்பிள்ளை அழைப்பும் பொழுது சாய்ந்த பிறகுதான்.

முன்னால் மட்டும் கண் உள்ள பழைய மாடலை வைத்துக்கொண்டு, மணமக்களைப் பார்த்தபடியே பின்னோக்கி விலகும் ஷாட்தான் எல்லாருக்கும் வேண்டும். "இன்னும் ஸ்பீடா போங்கண்ணே" என்றால் ஸ்போர்ட் மோடு. அதைப் போட்டதும் தடையைக் கண்டு நிற்கும் வசதி அணைந்துவிடும். அதாவது, வேகம் கூடும்போது காவலுக்கு லீவு. கையேட்டில் இதெல்லாம் தெளிவாகவே இருக்கிறது, பெட்டிக்குள் பத்திரமாக.

அனுபவப்பட்ட வீடியோக்காரர்கள் உதிரி இறக்கையோடு, தென்னை ஏறத் தெரிந்தவரின் நம்பரையும் வைத்திருக்கிறார்கள்.