கட்டிலின் அகலம் என்ன?

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறோம். பெரிய நட்சத்திர ஓட்டல் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நடுத்தர ஓட்டலில் தங்கினால் சிரமப்படுவோமா? – சேலம் வாசகர்

இடத்துக்குச் சிரமப்படுவீர்கள், வேறு எதற்கும் இல்லை. 'பிசினஸ் ஓட்டல்' என்று தேடுங்கள். வேலை விஷயமாக ஊர் ஊராகப் போகிறவர்களை நம்பி நடப்பவை இவை. டோயோகோ இன், ரூட் இன், டார்மி இன் என்று பல. ஒற்றை அறை சுமார் 12 சதுர மீட்டர்தான். பெரிய பெட்டியைத் திறந்து போட்டால் கட்டிலைத் தாண்டித்தான் ஜன்னலுக்குப் போகவேண்டும். ஆனால் விரிப்பு பளிச்சென்று இருக்கும், குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், காசு போட்டுத் துணி துவைக்கும் மெஷின் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஓட்டலின் அழகைப் பார்க்காதீர்கள். ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்று மட்டும் பாருங்கள்.

'செமி டபுள்' அறை மலிவாக இருக்கிறதே, தம்பதிக்குப் போதுமா? – கும்பகோணம் வாசகி

அந்தக் கட்டில் 120 சென்டிமீட்டர் அகலம். ஆளுக்கு இரண்டடி! புரண்டு படுக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இரண்டு தனிக் கட்டில் போட்ட 'ட்வின்' எடுங்கள். இன்னொன்று, ஒருவர் பெயரில் பதிந்துவிட்டு இருவராகப் போய் நிற்காதீர்கள். அறை ஒன்றேயானாலும் தலைக் கணக்கில் வாடகை மாறும்.

மதியம் 12 மணிக்கே போனால் அறை கிடைக்குமா? – தென்காசி வாசகர்

அறை தருவது பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு; 3 மணி என்றால் 3 மணிதான். காலி செய்வது காலை 10 அல்லது 11. நம் ஊர் லாட்ஜில் உள்ள 24 மணி நேரக் கணக்கு அங்கே கிடையாது. பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஊரைச் சுற்றிவிட்டு வாருங்கள்.

குளியலறை முழுக்க பிளாஸ்டிக்காமே? – மதுரை வாசகி

ஆமாம், அதற்கொரு நல்ல கதை உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக ஓட்டல் நியூ ஒட்டானி அவசரமாக எழும்பியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட குளியலறைகளில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் போட்டி முடிந்தே போயிருக்கும். டோட்டோ நிறுவனம் குளியலறையைத் தொழிற்சாலையில் பாகம் பாகமாகச் செய்து கொண்டுவந்து பொருத்தியது. அந்த வழக்கம்தான் நாடெங்கும் பரவியது.

இந்தக் குளியலறை வாசலில் ஒரு படி உயரம் ஏறி உள்ளே போகவேண்டும், வயதானவர்கள் கவனம். பல இடங்களில் ஒரே குழாய்தான்: இப்படித் திருப்பினால் வாஷ்பேசின், அப்படித் திருப்பினால் தொட்டி. ஷவரில் குளிக்கும்போது திரையின் அடிப்பகுதியைத் தொட்டிக்குள் விட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கழிப்பறைப் பக்கமெல்லாம் ஈரம்.

பொதுக் குளியல் உள்ள ஓட்டல் கிடைத்தால் விடாதீர்கள். குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்ட பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்கவேண்டும், அதுவும் உடுப்பு ஏதும் இல்லாமல். ஆண், பெண் தனித்தனி. முதல் நாள் கூச்சமாக இருக்கும். நாள் முழுக்க நடந்த கால்வலி அந்தச் சூட்டில் கரைவதை அனுபவித்துப் பாருங்கள், மறுநாள் நீங்களே முதலில் போவீர்கள். பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

நாங்கள் சுத்த சைவம். காலை உணவு? – திருவையாறு வாசகர்

சோறு இருக்கும், சாலட் இருக்கும். மிசோ சூப்பைத் தொடாதீர்கள். காய்கறி மட்டும் மிதந்தாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் இறக்கிய சாறு. பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோங்கள். அரிசி குக்கரையும் இஸ்திரிப் பெட்டியையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்முடையவை சூடேறாது. போன் சார்ஜருக்குத் தட்டைக்கால் அடாப்டர் போதும்.

பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுக்கிறார்களாமே, பயமாக இருக்கிறது. – நாகர்கோவில் வாசகி

2005 முதல் அங்கே அது விதி. ஜப்பானில் முகவரி இல்லாத எல்லா வெளிநாட்டவருக்கும் பொது. தைரியமாகக் கொடுங்கள்.

டிப்ஸ் எவ்வளவு? – ஈரோடு வாசகர்

ஒரு யென்கூட வேண்டாம்.

புகைபிடிக்கும் அறைதான் காலி என்கிறார்கள். எடுக்கலாமா? – கோவை வாசகர்

வேறு ஓட்டல் பாருங்கள். நாற்றம் ஒருபுறம் இருக்கட்டும். 1982 பிப்ரவரியில் டோக்கியோவின் ஓட்டல் நியூ ஜப்பானில், படுக்கையில் யாரோ பிடித்த சிகரெட்டிலிருந்து பற்றிய தீயில் 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் பெரும்பகுதியில் தண்ணீர் பீய்ச்சும் கருவியே இல்லை. உரிமையாளர் சிறைத்தண்டனை பெற்றார். இன்று விதிகள் கடுமை. ஆனாலும் எந்த ஓட்டலானாலும் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்து, அவசரப் படிக்கட்டுவரை ஒருமுறை நடந்துவிட்டுத் தூங்குங்கள். கட்டில் ஓரம் சுவரில் மாட்டியிருக்கும் டார்ச்சு நிலநடுக்கத்துக்கும் உதவும். பிடியிலிருந்து இழுத்தாலே எரியும்.

ஊர்விட்டு ஊர் பெட்டி தூக்கியே களைத்துவிடுவோமே? – சென்னை வாசகி

தூக்காதீர்கள். டோக்கியோ – கியோட்டோ புல்லட் ரயிலில் நீள, அகல, உயரக் கூட்டல் 160 சென்டிமீட்டரைத் தாண்டிய பெட்டிக்கு முன்பதிவு வேறு வேண்டும். ஓட்டல் கவுன்டரில் 'தக்யூபின்' என்று சொல்லுங்கள். 1976-இல் யமாட்டோ நிறுவனம் தொடங்கிய பார்சல் சேவை; பெட்டி பெரும்பாலும் மறுநாளே அடுத்த ஓட்டலுக்குப் போய்விடும். இரவுக்கு மாற்றுத்துணி, மாத்திரை, பாஸ்போர்ட் மூன்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.