ஐம்பது ரூபாய் சமூகநீதி

2025 ஜூலையில் தமிழ்நாட்டு விடுதி மாணவர்களுக்கு விடிவுகாலம் பிறந்தது. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி, சிறுபான்மையினர் நல விடுதி என்று தனித்தனியே கிடந்த பெயர்களை எல்லாம் அழித்து, இனி அத்தனையும் 'சமூகநீதி விடுதி' என்று முதலமைச்சர் அறிவித்தார். பழைய எழுத்து போய்ப் புது எழுத்து வந்தது. கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் வந்ததா என்று கேட்கிறீர்களா? உங்களுக்கு எப்போதும் அவசரம்தான். முதலில் பெயர் சூட்டு விழா நடக்கட்டும். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெயரை மாற்றியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எந்தச் சாதிப் பிள்ளை எந்தக் கட்டடத்தில் தூங்குகிறது என்று வாசலிலேயே எழுதி ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்த பலகை அது. எப்போதோ இறக்கியிருக்க வேண்டும். என் ஆத்திரமெல்லாம், பலகையை மாற்றியதும் வேலை முடிந்ததென்று எல்லோரும் கைதட்டிக் கலைந்துபோனதில்தான்.

விடுதி என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்க வேண்டிய மாநிலம் இது. 1916இல் திருவல்லிக்கேணியில் டாக்டர் சி. நடேசன் 'திராவிடர் இல்லம்' என்று ஒரு மாணவர் விடுதியைத் தொடங்கினார். சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத பிள்ளைகளுக்குத் தங்க இடமும் உண்ண இலையும் கிடைப்பது அன்று பெரும்பாடு. பின்னாளில் நீதிக்கட்சி என்று அறியப்பட்ட அமைப்பும் அதே ஆண்டில்தான் உருவானது. அடுத்த பத்தாண்டுக்குள் சேரன்மாதேவி வெடித்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி. அந்தத் தனி இலை பெரியாருக்கும் காங்கிரசுக்கும் நடுவே விழுந்த பெரிய விரிசல்களில் ஒன்றாயிற்று. 1925இல் அவர் கட்சியை விட்டே வெளியேறினார். நாம் மேடை போட்டு முழங்கும் அரசியலின் வேர், படிக்க வந்த பிள்ளை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்வியில் கிடக்கிறது.

அந்த வேருக்கு இன்று எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறோம் என்று பார்ப்போம். 2023இல் விடுதி மாணவர்களின் உணவுப்படியை அரசு உயர்த்தியது. கல்லூரி மாணவருக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்தது 1,500 ஆயிற்று. பள்ளி மாணவருக்கு 1,000 ரூபாய் 1,400 ஆயிற்று. நாளிதழ்கள் நன்றிப் பெருக்கோடு செய்தி போட்டன. யாரும் முப்பதால் வகுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் வகுத்தேன். கல்லூரிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 16 ரூபாய் 67 பைசா. அந்த 67 பைசாவைப் பாருங்கள், எவ்வளவு தாராளம்! டீக்கடையில் ஒரு டீயும் ஒரு வடையும் வாங்கப் போதாத காசில், இருபது வயதுப் பிள்ளை ஒருவன் மதியம் வயிறார உண்டு, பிற்பகல் வகுப்பில் தூங்காமல் உட்கார்ந்து, செமஸ்டர் எழுதி, பட்டம் வாங்கி, முதல் தலைமுறைப் பட்டதாரி என்று நம் புள்ளிவிவரத்தை அலங்கரிக்க வேண்டும்.

அரிசி வேறு கணக்கில் வந்துவிடுகிறது என்பார்கள். வரட்டும். பருப்பு? எண்ணெய்? காய்? முட்டை? கேஸ்? சோப்பு, தலைக்கு எண்ணெய் வகையறாவுக்குக் கல்லூரி மாணவருக்கு மாதம் 150 ரூபாய் என்று தனியாக ஒரு தலைப்பு இருக்கிறது. நாளைக்கு ஐந்து ரூபாய் அழகு. அதையும் குறைவாக எண்ணக் கூடாது. உயர்த்துவதற்கு முன்பு 75 ரூபாய்தான்.

இந்த நிதிநிலை அறிக்கையைச் சமைத்தால் எப்படி இருக்கும் என்று அறிய ஒரு விடுதிச் சமையற்கட்டுக்குப் போனால் போதும். சாம்பார் அண்டாவுக்குள் கரண்டியை அடிவரை விட்டுத் துழாவினாலும் பருப்பு பிடிகொடுக்காது. மஞ்சள் தண்ணீரில் கறிவேப்பிலை மட்டும் அநாதையாக மிதக்கும். "அண்ணா, கொஞ்சம் அடியில இருந்து ஊத்துங்கண்ணா" என்று தட்டை நீட்டுகிறான் ஒருவன். "அடியிலயும் இதுதான் தம்பி" என்கிறார் சமையல்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அரசு ஆவணங்களில்கூட அவ்வளவு உண்மையைப் பார்ப்பது அரிது.

ஆனால் ஆண்டில் ஒருசில நாள் அந்த அண்டாவிலும் அற்புதம் நிகழும். முந்தைய நாள் மாலை காப்பாளருக்குப் போன் வரும்: "நாளைக்கு ஐயா ஆய்வுக்கு வர்றாங்க." அவ்வளவுதான். பல மாதமாய்க் கண்சிமிட்டிக்கொண்டிருந்த டியூப் லைட் நிலையாய் எரியத் தொடங்கும். வாசலில் கோடு இழுத்ததுபோல் பிளீச்சிங் பவுடர். குழாயில் தண்ணீர். தட்டில் முட்டை, அப்பளம், கெட்டித் தயிர். ஐயா வருவார், ஸ்பூனால் இரண்டு வாய் எடுத்துச் சுவைப்பார், போட்டோ எடுப்பார்கள். "சாப்பாடு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பார். ஐயாவுக்குப் பின்னால் காப்பாளர் நிற்பார். "நல்லா இருக்கு சார்" என்று பையன்கள் ஒரே குரலில் சொல்வார்கள். 'உணவின் தரம் குறித்து மாணவர்களிடம் கேட்டறிந்தார்' என்று மறுநாள் செய்தி வரும். அந்தச் செய்தியைப் பையன்கள் படித்துக்கொண்டிருக்கும்போது மேசைக்குப் பழைய சாம்பார் திரும்பியிருக்கும்.

காப்பாளரைத் திட்டித் தீர்ப்பது சுலபம். பல இடங்களில் அவருக்கு இரண்டு விடுதி. ஒன்று சொந்தப் பொறுப்பு, இன்னொன்று 'கூடுதல் பொறுப்பு'. இரண்டிலும் இரவு தங்க அவர் என்ன விட்டலாச்சார்யாவின் மாயாஜாலப் படத்து நாயகனா? சமையலர் பணியிடம் காலி, காவலர் பணியிடம் காலி, துப்புரவுக்கு ஆள் இல்லை. காலியாக இல்லாத ஒரே இடம் வருகைப் பதிவேடு. ஊருக்குப் போனவனும் அதில் இருப்பான்; படிப்பை விட்டுப் போனவனும் இருப்பான். இங்கே இல்லாதவன் பெயரில் சோறு வேகும், இருப்பவன் தட்டில் அது விழாது. நேர்மையான காப்பாளர் ஒருவர் வந்து வாய்த்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஐம்பது ரூபாயில் நேர்மையாகச் சமைத்துக் காட்ட வேண்டுமே!

பெண்கள் விடுதிக்குப் போனால் நீதி சீக்கிரமே வாசலைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுகிறது. பொழுது சாய்ந்தால் கேட்டுக்குப் பூட்டு. எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எப்போது வருவாய் என்று நோட்டில் எழுத வேண்டும். எல்லாம் பாதுகாப்புக்காக! பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவர்களுக்கு இல்லாத விதிகளை மாணவிகள் மீது திணிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே சொல்கிறது. தனியார் கல்லூரி, அரசுக் கல்லூரி என்ற பேதமில்லாமல் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள். பெண்களையும் விதியையும் ஒரே சாவியால் பூட்ட முடிகிற வசதி நமக்குத்தான் உண்டு. தெருவில் திரியும் பொறுக்கியைப் பிடிக்கத் துப்பில்லாத சமூகம், நூலகத்துக்குப் போகிறவளை ஆறரை மணிக்கு உள்ளே தள்ளிவிட்டு, பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று பெற்றோருக்குச் சொல்லிப் பெருமைப்படுகிறது.

பணம் கொட்டும் பெரிய நிறுவனங்களில் இந்தத் தொல்லை எல்லாம் இருக்காது என்று நினைப்போம். சென்னை ஐஐடியில் விடுதிகளுக்குக் காவிரி, நர்மதா, கோதாவரி என்று நதிகளின் பெயர். 2018 டிசம்பரில் அங்கே ஒரு மெஸ்ஸில் சைவருக்கு ஒரு வாசல், அசைவருக்கு ஒரு வாசல், கை கழுவவும் தனித்தனி இடம் என்று நோட்டீஸ் தொங்கியது. கண்டனம் கிளம்பியதும் கிழித்து எடுத்தார்கள். சேரன்மாதேவிக்கும் கிண்டிக்கும் இடையே ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம்தான். காலத்தில் கணக்கிட்டால் ஏறத்தாழ நூறு வருடம். அந்த இலை மட்டும் வாடாமல் வந்து சேர்ந்துவிட்டது.

சென்னையில் இன்னொரு அரசு விடுதியும் இருக்கிறது. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் உள்ள சட்டமன்ற உறுப்பினர்கள் விடுதி. சேரன்மாதேவியில் நடந்த கொடுமையை அழுதுகொண்டே வந்து சொன்ன சிறுவன் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் என்று சொல்லப்பட்டு வருகிறது. அந்த ஓமந்தூராரின் பெயர் தாங்கிய தோட்டத்தில் வாசலில் நோட்டு இல்லை. எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. யாரோடு வந்தீர்கள் என்று கேட்கிற வாட்ச்மேனுக்கு மறுநாள் வேலை இருக்காது. 2017இல் உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. உயர்வு மட்டுமே 50,000. மாணவனுக்கு நாள் முழுச் சாப்பாடே 50. சைபர்தான் கொஞ்சம் கூடக் குறைய; மற்றபடி ஒரே அரசு, ஒரே கஜானா.

பையன்களும் சும்மா இருப்பதில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் உட்கார்வார்கள். பஸ் நிற்கும். பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்கு அப்போதுதான் சமூகநீதி பற்றிக் கருத்து சொல்ல நேரம் வாய்க்கும். "ஓசிச் சோறு தின்னுட்டு இவனுங்களுக்குப் போராட்டம் வேறயா?"

யார் சோறு ஓசி? அந்தப் பையனின் அம்மா வாங்கும் தீப்பெட்டியிலிருந்து அப்பா போடும் செருப்புவரை வரி கட்டித்தான் வாங்குகிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் ஒருவன் கல்லூரி வாசலை மிதிக்கவே சில தலைமுறை ஆயிற்று. மிதித்தவனுக்குப் பசி தாங்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் பெயின்ட் வேலைக்குப் போய்விடுகிறான். 'இடைநிற்றல்' என்று பதிவேட்டில் ஒரு சொல் விழும். 'படிப்பு ஏறலை' என்று நாம் தீர்ப்பு எழுதுவோம். ஒட்டிய வயிற்றில் எதுவும் ஏறாது என்பதை எந்தக் குழுவும் அறிக்கையில் எழுதியதில்லை. அவன் ரோட்டில் உட்கார்ந்து கேட்டது பிச்சை இல்லை, பாக்கி. இந்த அரசியல் அவனுக்கு 1916 முதல் வைத்திருக்கும் பாக்கி.

கடைசியாக ஒரு யோசனை. உணவுப்படி எவ்வளவு என்று அடுத்த முறை முடிவு செய்யும் அமைச்சர், செயலாளர், நிதித்துறை அதிகாரி எல்லோரும் பெட்டி படுக்கையோடு ஒரு மாதம் சமூகநீதி விடுதியில் தங்கட்டும். அதே பாய், அதே குழாய், அதே தாழ்ப்பாள் இல்லாத கதவு, அதே நாளைக்கு ஐம்பது ரூபாய்ச் சாப்பாடு. முன்கூட்டியே யாரும் காப்பாளருக்குப் போன் செய்யக் கூடாது. முப்பதாம் நாள் முடிந்ததும் கோப்பைக் கொண்டுபோய் நீட்டுவோம். ஐம்பது ரூபாய் போதும் என்று அப்போதும் தோன்றினால் தாராளமாகக் கையெழுத்துப் போடட்டும், பேனாவைத் தூக்கத் தெம்பு இருந்தால்.