‘சிரிங்க’ சொல்லாதவர்

கே: மகள் கல்யாணத்துக்கு ‘கேண்டிட்’ போட்டோகிராபர் என்று தனியாக ஒருவரை வைத்தோம். ‘சிரிங்க’ என்றுகூடச் சொல்லாமல் ஓரமாகவே நின்றார். இதற்கா அவ்வளவு பணம்?
— வாசகர் ஒருவர், பிரம்மதேசம்

ப: சொல்லாமல் இருந்ததற்குத்தான் பணம்! யாரையும் ‘போஸ்’ கொடுக்க வைக்காமல் எடுப்பதுதானே கேண்டிட். 1950 ஏப்ரலில் உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் படமெடுத்தார் பிரெஞ்சு போட்டோகிராபர் ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன். அதே மாதம் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். கையில் சின்ன லைக்கா. ஃபிளாஷ் அடிப்பதை மரியாதைக் குறைவு என்றே நினைத்தவர். கேமராவின் பளபளப்பு யார் கண்ணிலும் படக் கூடாதென்று கறுப்பு டேப் வேறு ஒட்டிக்கொள்வார். உங்கள் ஆளும் அந்த வம்சம்தான்.

தாலி கட்டும் நேரத்தில் வீடியோ விளக்கெல்லாம் முடிச்சின் மேல். இவர் லென்ஸ் மட்டும், தூவ மறந்த அட்சதையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நிற்கும் பெண்ணின் அப்பா மேல். (அது நீங்களாகவும் இருக்கலாம், ஆல்பம் வரட்டும்.)

மறுநாள் மரக்காணம் உப்பளத்து வரப்பில் ஜோடியை ‘இயல்பா நடங்க’ என்று ஆறு தடவை நடக்கவிட்டாரா? அது கேண்டிட் இல்லை, ஒத்திகை. அந்தப் பணத்தை மட்டும் திருப்பிக் கேளுங்கள்.