மருமோன்ரை படகுக்குப் படங்கு

படகு வாங்கிப்போட்டாய் எண்டு கேள்விப்பட்ட நாளிலையிருந்து எனக்கு வலு சந்தோசம், மருமோன். ஸ்காபரோ வீட்டு வாசலை அடைச்சுக்கொண்டு 18 அடியிலை வடிவாய் நிக்குது. கொப்பர் தன்ரை காரை ரோட்டிலை விட்டுப்போட்டு நடந்து வாறார், அவருக்கும் தேகப்பயிற்சி. சிம்கோ ஏரிக்கு ஒரு மணித்தியால ஓட்டம்தான் எண்டு வாங்கேக்கை சொன்னாய். அது பொய்யில்லை. ஏரி அங்கைதான் கிடக்கு, நீதான் இன்னும் வெளிக்கிடேல்லை.

இப்ப ஐப்பசியும் பிறந்திட்டுது. இன்னும் ரெண்டு மூண்டு மாசத்திலை ஏரி உறைஞ்சு, சனம் அதுக்கு மேலை கொட்டில் போட்டிருந்து, பனியிலை துளை போட்டு மீன் பிடிக்கும். அதுக்குமுதல் படகைப் பொத்திக் கட்டவேணும், மாமா ஒரு யோசனை சொல்லுங்கோ எண்டு கேட்டாய். சொல்லுறன், கேள்.

முதல் விசயம், படகை அளக்காதை. வித்தவன் கடதாசியிலை 18 அடி எண்டு எழுதித் தந்திருக்கிறான், அது காணும். பின்னாலை குளிக்க இறங்கிற தட்டும், தொங்கிற எஞ்சினும் அந்த 18க்குள்ளை அடங்குமோ எண்டு கேக்கிறவன் விசரன். அணியத்து நுனியிலையிருந்து பின்நுனி மட்டும் நடுவாலை நேராய் நாடா பிடிக்கிறது, கண்ணாடிக்கு மேலாலை வளைச்சு அளக்காமல் விடுறது, ஆக அகலமான இடத்திலை அகலம் எடுக்கிறது, உதெல்லாம் வேலையில்லாதவன் செய்யிற வேலை. நீ ஒரு அளவு சின்னனாய், மலிவுக்கு வாங்கு. பேந்து நீயும் மனிசியும் ஆளுக்கொரு பக்கம் நிண்டு இழுக்கலாம். கலியாணத்துக்குப் பிறகு ரெண்டுபேரும் சேர்ந்து செய்யிற காரியம் வேறை என்ன கிடக்கு?

கடைக்காரப் பெடியன் 600 டெனியர் எண்டு சொல்ல, நீ எல்லாம் விளங்கினவன்போலை தலையாட்டினதைக் கண்டனான். டெனியர் எண்டது நூலின்ரை பாரக் கணக்கு. 9000 மீட்டர் நூலைத் தராசிலை போட 600 கிராம் வந்தால் அது 600 டெனியர். நூல் மொத்தமோ மெல்லிசோ எண்டதை அது சொல்லும். மழைக்கு ஒழுகுமோ, வெயிலுக்கு இத்துப்போமோ, அதைப்பற்றி அது வாய் திறவாது. பொலியெஸ்டர் இழுவைக்கு நிண்டுபிடிக்கும். நூலாய் வரமுதலே சாயத்தைச் சேர்த்து எடுக்கிற அக்ரிலிக் துணி வெயிலைக் கனகாலம் தாங்கும், உள்ளை இருக்கிற ஈரத்தையும் வெளியிலை விடும். ஆனால் கூரிலை உராஞ்சால் பொறுக்காது, விலையும் கண்ணைக் கட்டும். நீ கடைசியிலை எதை வாங்குவாய் எண்டு எனக்குத் தெரியும். அந்த நீலத் தறப்பாள்தானே? நல்ல தெரிவு. இரவிரவாய்க் காத்துக்குப் படபடவெண்டு அடிச்சு, படகின்ரை பளபளப்பை வைகாசிக்கிடையிலை தேய்ச்சு முடிச்சுப்போடும். பக்கத்து வீட்டுக்காரன்ரை நித்திரையும் போம்.

எங்கடை ஊரிலை மரவள்ளத்தைக் கரையிலை ஏத்தினால் கிடுகு போட்டு மூடுவம். வெயில் நேரை பட்டால் பலகை காஞ்சு பொருத்து விட்டுப்போம், அதுக்குத்தான். மேலை நிழல், இடுக்காலை காத்து. கிடுகு பின்னின மனிசிமார் காத்துப் போற துவாரத்துக்குத் தனிக்காசு கேக்கேல்லை. இஞ்சை படங்கிலை ரெண்டு துவாரம் வைச்சுத் தைக்கிறதுக்குக் கேக்கிறாங்கள். குடுத்துவிடு, மோனை. பகிடியில்லை, நீ உந்தப் படகுக்குச் செலவழிச்ச காசுக்குள்ளை உருப்படியான காசு அதுதான். மழையைத் தடுக்க எல்லாருக்கும் தெரியும், உள்ளுக்கை கிடக்கிற ஈரத்தை ஆர் வெளியிலை எடுக்கிறது? நனைஞ்ச மெத்தையையும் லைஃப் ஜாக்கெட்டையும் அப்பிடியே உள்ளை விட்டு இறுக்கிக் கட்டினாயோ, ஏரி திறக்கேக்கை இருக்கையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். அந்த மணத்துக்கு மீன்சந்தை திறம். பிள்ளையள் சிந்தின மிக்ஸரையும் கூட்டாமல் விடு. குளிர்காலத்துக்கு எலியளுக்கும் ஒரு வீடு வேணும், சாப்பிட்டு முடிய வயரைக் கடிச்சுப் பொழுதுபோக்கட்டும்.

படங்கை மட்டமாய், சுருக்கமில்லாமல் விரிச்சுப்போட்டுப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலை விடுவாய். நானும் பெருவிரலை உயத்தி ஒண்டு அனுப்புவன். அண்டிரவு மழை பெய்யும். நடுவிலை ஒரு சின்னப் பள்ளம் விழும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 10 சென்ரிமீட்டர் ஆழம் எண்டு வை: 100 லீட்டர் தண்ணி, 100 கிலோ. உன்ரை நிறையை நான் கேக்கேல்லை, நீயே மனசுக்குள்ளை ஒப்பிட்டுப் பார். தண்ணி ஏற ஏறத் துணி தொய்யும், துணி தொய்யத் தொய்யப் பள்ளம் பெருக்கும், பெருத்த பள்ளத்துக்கு இன்னும் தண்ணி வரும். அதுக்கு மேலை ஸ்நோ கொட்டி, உருகி, திருப்பி உறைஞ்சால் தையல் விடும், இல்லாட்டில் பிரஸ் பட்டன் ஆணியோடை பிடுங்கிக்கொண்டு வரும். உதெல்லாம் வேண்டாம் எண்டால் நடுவிலை ஒண்டோ ரெண்டோ தாங்குதடி நட்டு, வீட்டுக் கூரைபோலை முகடு எழுப்பு. தண்ணி தன்ரை பாட்டிலை வழிஞ்சு போம். தடியின்ரை தலைக்குப் பழைய துவாய் சுத்து. கண்ணாடி மூலைக்கும் கயிறு கட்டிற கொழுவிக்கும் சுத்து. பழைய துவாய் எண்டு சொன்னனான், மனிசியைக் கேட்டு எடு.

படகு ஓட்ட இந்த நாட்டிலை சோதனை எழுதி அட்டை எடுக்கவேணும். நீயும் எடுத்து, சாகுமட்டும் செல்லும் எண்டு எல்லாருக்கும் காட்டினாய். படங்கு போடுறதுக்கு அட்டை இல்லை. அதுதான் ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்திலை படகுத்துறைப் பக்கம் புருசன் பெண்சாதிச் சண்டை உந்த உச்சத்திலை கேக்குது. ஒரு பக்கத்தாலை வரிசையாய் பட்டன் அமத்திக்கொண்டு போனால் மற்றப் பக்கம் நாலு விரலுக்கு எட்டாமல் நிக்கும், பேந்து கொம்மாவை இழுத்துத் திட்டு விழும். அணியத்தை முதல் மாட்டு, பிறகு பின் மூலை ரெண்டும், பிறகு பக்கங்களை மாறி மாறி. மத்தியான வெயிலிலை செய். குளிருக்குத் துணி விறைச்சால் அம்மாள் வந்தாலும் இழுபடாது. கழட்டேக்கை துணியைப் பிடிச்சு ஒரே இழுவையாய் இழுக்காதை, பட்டனுக்குப் பக்கத்திலை விரல் விட்டு ஒவ்வொண்டாய்க் கிளப்பு. உன்ரை அவசரத்துக்கு இது பெரிய தண்டனை எண்டு எனக்குத் தெரியும்.

இன்னுமொண்டு. நிப்பாட்டி வைக்கிற படகுக்குத் தைச்ச படங்கைப் போட்டுக்கொண்டு 400ஆம் ஹைவேயிலை 100இலை ஓடு. காத்துப் புகுந்து ஊதி, அது எங்கை கிழியுது எண்டு கண்ணாடியிலை பாத்துக்கொண்டு போகலாம். இழுத்துக்கொண்டு போறதுக்கெண்டு பட்டியோடை தைச்சது வேறை இருக்கு எண்டு பின்னாலை ஹோர்ன் அடிச்சு வாறவன் சொல்லுவான்.

கொப்பற்றை ஊர் வல்வெட்டித்துறை எண்டு சிநேகிதருக்கு அன்னபூரணிக் கதை சொல்லுறாயாம். தாராளமாய்ச் சொல்லு. அங்கை கட்டின பாய்க்கப்பல், ரொபின்சன் எண்ட அமெரிக்கர் வாங்கி, 1938இலை மாசசூசெட்ஸ் குளோஸ்டர் துறையிலை போய் நிண்டுது. ஊர் ஆக்கள்தான் அதை அவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்த்தவை. ஆனால் ஒரு சொல்லுக் கேள், அந்தக் கதையை வாசலிலை பொத்திக் கட்டிக் கிடக்கிற உந்தப் படகுக்குப் பக்கத்திலை நிண்டு சொல்லாதை.

வாற சனி மழையில்லை எண்டு சொல்லுறாங்கள். அண்டைக்குப் போடுவம். நான் ஒரு கதிரை கொண்டந்து இருந்து பாக்கிறன், பிளேன்ரீ ஒண்டு காணும். ட்ரெயிலரின்ரை முன்பக்கத்தைக் கொஞ்சம் உயத்தி வை, தப்பித்தவறி உள்ளை போற தண்ணி பின்னாலை வடியட்டும். அடியிலை இருக்கிற தக்கையைக் கழட்டி எஞ்சின் திறப்போடை சேர்த்துக் கட்டு. தக்கையில்லாமல் படகைத் தண்ணியிலை இறக்கிப்போட்டு வாளி தேடி ஓடுறவையள் ஒவ்வொரு வைகாசியும் படகுத்துறையிலை இருக்கினம்.